வளையம் விழாத டிஸ்க்

போன மாதம் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. அறுபத்து மூன்று வயதில் அது ஒன்றும் அதிசயமில்லை. பட்டாபிராமில் எங்கள் தெருமுனையில் இருக்கும் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். மாத்திரை எழுதுவதற்கு முன்னால், என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுக்கச் சொன்னார். அதுவே எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் ரிப்போர்ட் போனில் வந்தது. இரண்டு பக்கம். கிருமியின் பெயர், அதற்குக் கீழே பதினெட்டு மருந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. எல்லாம் மெஷின் படித்துச் சொன்னது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் அதை வரி வரியாகப் படிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன, பரீட்சை ரிசல்ட்டா?" என்றார்.

அந்தப் பதினெட்டில் மிகப் பழையதும் மிக மலிவானதுமான ஒரு மாத்திரையை டாக்டர் எழுதினார். பெரிய பெரிய ஊசி மருந்துகள் ஐந்தாறு எஸ் போட்டுக்கொண்டு நின்றன. அவற்றைத் தொடவில்லை. "ஏன் டாக்டர் இது?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"இது சிறுநீர்ப்பையிலேயே போய் வேலை செய்யும்மா. பெரிசெல்லாம் பெரிய வியாதிக்கு இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் மங்கை மேடத்தின் நினைவுதான்.

நான் முப்பத்தைந்து வருஷம் மருத்துவமனை லேப்பில் டெக்னீஷியனாக இருந்தேன். ப்ளஸ் டூ முடித்ததும் இரண்டு வருஷப் படிப்பு, பிறகு சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி. பயிற்சியில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது கண்ணாடிச் சாமான் கழுவுவது மட்டும்தான். வேலை சென்னீர்குப்பத்தில் கிடைத்தது. நெடுஞ்சாலையை ஒட்டி, அறுபது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். காலையில் பட்டாபிராமில் ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி, பூந்தமல்லி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்வேன். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும், இரண்டு பிரசவ லீவைத் தவிர, அதே ரயில், அதே பஸ்.

லேப் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு அறை, ஒரு ஜன்னல், ஒரு ஃபிரிட்ஜ், கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டி ஒன்று. ஆட்கள் மூன்று பேர். நான், அட்டெண்டர் மாணிக்கம், எங்களுக்கு மேலே நுண்ணுயிரியல் டாக்டர் மங்கையர்க்கரசி.

மாணிக்கம் அண்ணன் பூந்தமல்லிக்காரர். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் சத்துக்கூழ் காய்ச்சி ஊற்றுவது அவர் பொறுப்பு. சில கிருமிகளுக்கு ஆட்டு ரத்தம் கலந்த தட்டுதான் ஒத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை விடியற்காலையில் குடுவையில் கண்ணாடி மணிகளைப் போட்டு எடுத்துக்கொண்டு ஆடு அறுக்கும் இடத்துக்குப் போவார். சூடான ரத்தத்தை அதில் பிடித்து, உறையாமல் இருக்கக் குலுக்கிக்கொண்டே சைக்கிளில் ஒற்றைக் கையால் ஓட்டி வருவார். "நா மட்டும் இல்லன்னா உங்க பூச்சிங்க அல்லாம் பட்னி கெடந்து பூடும் கோமதி" என்பார். அவருக்குக் கிருமி எல்லாமே பூச்சிதான்.

மேடம் எட்டரைக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் வைப்பார். ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தின நாள் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: "எதைப் பார்த்துச் சொல்ற?" நிறத்தையா, ஓரத்தையா, வாசனையையா? பதில் சரியாக இருந்தால் ரெஜிஸ்டரில் பென்சிலால் ஒரு டிக். நன்றாகச் செய்தாய் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த டிக்குக்காகத்தான் நாங்கள் உழைத்தோம்.

எங்கள் வேலை என்னவென்று வெளியே பலருக்குத் தெரியாது. நோயாளியின் ரத்தத்தைச் சத்துநீர் பாட்டிலில் விட்டு உடம்புச் சூட்டில் வைப்போம். கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் நீர் கலங்கும். அதில் ஒரு துளியைத் தட்டில் கீறினால் மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். என்ன கிருமி என்று கண்டுபிடித்தபின், அந்தப் புள்ளிகளில் நாலைந்தை உப்புநீரில் கரைத்து, கலங்கல் சரியான அளவா என்று பார்த்து, பஞ்சுக் குச்சியால் புதுத் தட்டு முழுக்க மூன்று திசையில் பூச வேண்டும். எங்கேயும் இடைவெளி விழக் கூடாது. அதன்மேல் மருந்து ஊறிய காகித டிஸ்க்குகள். நெற்றிப் பொட்டு அளவில் இருக்கும். ஒவ்வொன்றிலும் மருந்தின் எழுத்து அச்சாகியிருக்கும். இடுக்கியை நெருப்பில் காட்டி, டிஸ்க்கை எடுத்து, ஒரே தடவையில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். வைத்தபின் நகர்த்தக் கூடாது. தொட்ட நொடியிலேயே மருந்து கீழே இறங்க ஆரம்பித்துவிடும்.

மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி பாய் விரித்தது போல வளர்ந்திருக்கும். மருந்துக்கு அடங்குகிற கிருமி என்றால், அந்த டிஸ்க்கைச் சுற்றி மட்டும் வெறுமையாக ஒரு வட்டம் விழும். அதை நாங்கள் வளையம் என்போம். ஸ்கேலை வைத்து வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையில் பார்த்து, கேட்கும் அல்லது கேட்காது என்று எழுதுவோம்.

ஆனால் மேடம் அளந்த எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் எழுத விட மாட்டார். பத்து மருந்து வைத்துப் பார்த்தாலும் நாலைத்தான் வெளியே அனுப்புவார். சின்ன மருந்து கேட்டால் பெரிய மருந்தின் பெயரே ரிப்போர்ட்டில் இருக்காது. அறுவை டாக்டர் ஒருவர் இதற்காகக் கீழே இறங்கி வந்து சண்டை போட்டார்.

"மிச்சத்தையும் பார்த்திருக்கீங்கல்ல மேடம், எழுதிக் கொடுத்தா என்ன?"

"எழுதினா நீங்க கடைசி வரியில இருக்கிறதத்தான் போடுவீங்க."

"கடைசியில இருக்கிறதுதானே பலமான மருந்து?"

"உங்க பேஷன்ட்டுக்கு இருக்கிறது கால்ல கட்டி. கீறி சீழை எடுத்துட்டீங்க. முதல் மருந்தே போதும். போதலன்னா நாளைக்கு வாங்க, அடுத்த பேரைச் சொல்றேன்."

அவர் மறுநாள் வரவில்லை. முதல் மருந்தே போதுமாயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தட்டு மட்டும் பார்த்து அவர் மருந்து சொன்னதில்லை. "யாரு இது? எந்த வார்டு? என்ன வயசு? சிறுநீரகம் எப்படி? வாயால சாப்பிடறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பதில் தெரியாவிட்டால் என்னை மாடிக்கு அனுப்புவார். வார்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிற லேப் டெக்னீஷியன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

என் பதின்மூன்றாம் வருஷத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அப்போது டைபாய்டு மழைக்காலம் வந்தால் வரிசை கட்டும். பழைய மருந்துகள் மூன்று நாலு டைபாய்டுக்குக் கேட்காமல் போய்விட்டிருந்தன. சிப்ரோ என்று சுருக்கமாகச் சொல்லும் சிப்ரோஃப்ளாக்சசின்தான் எல்லோருக்கும் கை கொடுத்தது. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். டாக்டர்கள் நிம்மதியாக இருந்தார்கள், நாங்களும்தான்.

ஜமால் என்று ஒருவர் அட்மிட் ஆனார். முப்பது முப்பத்திரண்டு வயசு. பூந்தமல்லியில் பஞ்சு மெத்தை தைக்கும் கடை. ஒன்பது நாளாகக் காய்ச்சல், உள்ளூரில் ஏதேதோ மாத்திரை. கூட அவர் மனைவி நஸ்ரின். ஒரு வயசுக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜமால் வந்த அன்றே பொது மருத்துவர் சேகர் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, டைபாய்டு என்று யூகித்து, சிப்ரோ ஆரம்பித்தார்.

இரண்டாம் நாள் பாட்டில் கலங்கியது. மூன்றாம் நாள் டைபாய்டு கிருமிதான் என்று உறுதியானது. அன்று சாயங்காலம் மருந்துத் தட்டு போட உட்கார்ந்தேன். அதே மேஜையில் ஒரு சிறுநீர் கல்ச்சருக்கும் தட்டு போட வேண்டியிருந்தது. சிறுநீருக்கு வைக்கிற டிஸ்க்குகளில் நாலிடிக்ஸிக் ஆசிட் என்று ஒன்று உண்டு. பழைய மருந்து, சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும் கொடுப்பது. டைபாய்டு தட்டில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அன்று ஆவடி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் என் இடுக்கி அந்த டிஸ்க்கை எடுத்து ஜமாலின் தட்டில் வைத்துவிட்டது. வைத்தபின்தான் எழுத்தைப் பார்த்தேன். எடுக்க முடியாது. இருந்துவிட்டுப் போகட்டும், காலையில் அதை விட்டுவிட்டு மற்றதை அளந்தால் போயிற்று என்று பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலையில் மேடம் வருவதற்கு முன் தட்டை எடுத்துப் பார்த்தேன். சிப்ரோவைச் சுற்றி வளையம் இருபத்தைந்து மில்லிமீட்டர். அட்டவணைப்படி இருபத்தொன்று இருந்தாலே போதும். நாலிடிக்ஸிக் டிஸ்க்கைச் சுற்றி வளையமே விழவில்லை. டிஸ்க்கின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து ஒட்டிக்கொண்டு நின்றது.

எனக்குள் சின்னதாக ஒன்று உறுத்தியது. அந்த இரண்டு மருந்தும் ஒரே குடும்பம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். "நாலிடிக்ஸிக் மூத்தவ, சிப்ரோ இளையவ. மூத்தவளை ஒரு கிருமி மதிக்கலன்னா இளையவளையும் எத்தனை நாள் மதிக்கும்னு பாரு." எப்போதோ, டீ குடிக்கும்போது சொன்னது. அது அப்போது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது.

ஆனால் அந்த வாரம் என்னைச் சீனியர் டெக்னீஷியனாக்க மேடம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். தவறான டிஸ்க்கை வைத்தேன் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? எப்படியும் டைபாய்டுக்கு யாரும் நாலிடிக்ஸிக் கொடுக்கப் போவதில்லை. சிப்ரோ வளையம் நன்றாகத்தான் இருக்கிறது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தட்டைக் கிருமி நீக்கும் வாளியில் போட்டுவிட்டேன். கிருமியை மட்டும், எங்கள் வழக்கப்படி, ஒரு குழாயில் பத்திரப்படுத்தி ஃபிரிட்ஜில் வைத்தேன். மேடம் வந்ததும், தட்டைத் தவறுதலாக வாளியில் போட்டுவிட்டேன், அளவெல்லாம் குறித்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பதின்மூன்று வருஷத்து நம்பிக்கை. டிக் போட்டார். ரிப்போர்ட் போனது. சிப்ரோ, எஸ்.

நஸ்ரின் தினமும் காலையில் லேப் ஜன்னலுக்கு வருவாள். ரிப்போர்ட்டை அவள் கையில் நான்தான் கொடுத்தேன். எட்டாவது வரை படித்தவள். "இந்த எஸ்னா நல்லதுதானே அக்கா?" என்றாள்.

"நல்லதுதான்மா. மருந்து கேட்கும்னு அர்த்தம்."

மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வந்தாள். "நேத்து ராத்திரியும் நூத்தி மூணு அக்கா. ஆனா எஸ்னு போட்டிருக்கே, இறங்கிடும்ல?"

"இறங்கிடும். நாலஞ்சு நாள் ஆகும்."

அதற்கு அடுத்த நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மருந்து ஆரம்பித்து ஏழாம் நாள் டாக்டர் சேகர் கீழே வந்தார். கோபமாக இல்லை, குழப்பமாக இருந்தார். "மேடம், சென்சிடிவ்னு கொடுத்தீங்க. டோஸ் சரியாத்தான் போகுது. காய்ச்சல் ஒரு டிகிரிகூட இறங்கல. வயிறு வேற உப்பலா இருக்கு."

மேடம் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "கோமதி, இருபத்தஞ்சுதானே அளந்த?"

"ஆமாம் மேடம்."

"ஓரம் தெளிவா இருந்துச்சா?"

"தெளிவா இருந்துச்சு மேடம்."

"குழாய்ல இருக்கிறதை எடுத்துத் திரும்பக் கீறிப் போடு. நாளைக்குப் புதுத் தட்டு போட்டுப் பார்க்கலாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சேகர் இருந்தார், அதனால் சொல்லவில்லை. சேகர் போனபின்னும் சொல்லவில்லை. கிருமி வளர ஒரு நாள், தட்டில் தெரிய இன்னொரு நாள் என்று இரண்டு நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். கீறிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை லேப்பில் நானும் மாணிக்கம் அண்ணனும் மட்டும்தான். அவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா கோமதி, நாலு நாளா மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"அந்த வாளில போட்டியே ஒரு தட்டு, நான்தான் வேவ வச்சேன். அஞ்சு டிஸ்க் இருக்க வேண்டிய எடத்துல ஆறு கெடந்துச்சி. எனுக்கு எழுத்து படிக்க வராது, எண்ணத் தெரியும்."

நான் ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

"சொல்ட்டு பூடு. இன்னா பண்ணிடப் போறாங்க? திட்டுவாங்க. அந்தப் பொண்ணு டெய்லி வந்து நிக்குதே, அத்தப் பாக்க முடில என்னால."

அவர் சொல்லி முடிக்கவும் நஸ்ரின் ஜன்னலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அவங்களுக்கு மலத்துல ரத்தம் போகுது. கறுப்பா நெறைய. டாக்டரு ரத்தம் ஏத்தணும்னு சொல்றாரு. நீங்க மருந்து கேட்கும்னு சொன்னீங்களே அக்கா."

டைபாய்டில் குடல் புண்ணாகி ரத்தம் கசிவது எப்போது வரும், அது ஓட்டையாகிவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். மேடம் அப்போதுதான் உள்ளே வந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நஸ்ரின் அங்கேயே நிற்கிறாள் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை.

"மேடம், அந்தத் தட்டுல தெரியாம நாலிடிக்ஸிக் டிஸ்க் ஒண்ணு வச்சிட்டேன். அதைச் சுத்தி வளையமே விழல. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "வளையமே இல்லையா? சின்னதாக்கூட?"

"இல்ல மேடம். டிஸ்க் வரைக்கும் வளர்ந்திருந்துச்சு."

"என்னிக்குப் பார்த்தே?"

"இன்னியோட அஞ்சாம் நாள்."

திட்டவில்லை. போனை எடுத்து வார்டுக்குச் சுழற்றினார். "சேகர், மங்கை பேசறேன். ஜமாலுக்கு சிப்ரோவை நிறுத்துங்க. செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி இப்பவே ஆரம்பிங்க. ஆமா, எஸ்னுதான் கொடுத்தோம். தட்டுல வளையம் இருக்கு, ஆனா உடம்புல இந்த மருந்து பாதிதான் வேலை செய்யுது. இப்படிச் சில கிருமி வருதுன்னு ஒரு கூட்டத்துல பேசிக்கிட்டாங்க, நம்ம கிட்ட வரும்னு நினைக்கல. புதுத் தட்டுக்காகக் காத்திருக்க வேணாம். தப்பு லேப்ல. நான் மேல வரேன்."

போனை வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். நஸ்ரின் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஊசி மாத்தியாச்சும்மா. நீ மேல போ, அவர் பக்கத்துல இரு" என்று மேடம் சொன்னதும் போய்விட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு மேடம் ரெஜிஸ்டரை என் முன் தள்ளினார். "எழுது. என்ன டிஸ்க் வச்சே, என்ன பார்த்தே, என்னிக்கு. ஏன் சொல்லலன்னும் எழுது."

எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. வேலை அவசரம் என்று எழுதலாமா என்று பார்த்தேன். 'பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை' என்று எழுதினேன். மேடம் படித்தார். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. அதற்குக் கீழே, 'தட்டை நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு' என்று தன் கையால் எழுதி, முழுப் பெயரையும் போட்டார். அவ்வளவு வருஷத்தில் அவர் பேனாவால் அந்த ரெஜிஸ்டரில் எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

அன்றே மறுபடி டைபாய்டு தட்டு போட்டேன், இந்த முறை தெரிந்தே நாலிடிக்ஸிக் டிஸ்க்கை வைத்து. மறுநாள் மூன்று பேரும் ஜன்னலோரம் நின்று பார்த்தோம். வளையம் இல்லை. அதன்பின் எங்கள் லேப்பில் டைபாய்டு கிருமி எது வந்தாலும் நாலிடிக்ஸிக் டிஸ்க் இல்லாமல் தட்டு போட்டதில்லை. வளையம் விழாவிட்டால் சிப்ரோ எவ்வளவு அகலம் காட்டினாலும் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. அந்த மழைக்காலத்திலேயே அப்படி இன்னும் நாலைந்து பேரைப் பிடித்தோம். கொஞ்ச வருஷம் கழித்து எல்லா லேப்பிலும் அதுவே வழக்கமாகி, பிறகு அட்டவணையே மாறிவிட்டது.

ஜமாலுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் அவர் தம்பி கொடுத்தார், இன்னொன்று மாணிக்கம் அண்ணன். அறுவை டாக்டர் இரண்டு நாள் தயாராகவே இருந்தார். குடல் ஓட்டையாகவில்லை. ஊசி ஆரம்பித்து ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அந்த ஐந்து நாளும் நான் எதைச் சாப்பிட்டேன், வீட்டில் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. ரயிலில் ஆவடி வரும்போது இறங்க மறந்து அம்பத்தூர் போய்த் திரும்பி வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மாடிக்குப் போனேன். மேடம் போகச் சொல்லவில்லை. ஜமால் கட்டிலில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். நஸ்ரின் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நஸ்ரின், அன்னிக்கு நீ கேட்டுக்கிட்டுதான் இருந்தே. என்னால நாலு நாள் வீணாப்போச்சு. மன்னிச்சுக்கோன்னு கேட்க வந்தேன்."

அவள் மடித்த புடவையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "அந்த நாலு நாளும் உங்க ஜன்னலுக்குத்தானே அக்கா வந்து நின்னேன்" என்றாள்.

நான் படியிறங்கி வந்தேன். சரி பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் தப்புதான்.

சீனியர் பதவி அந்த வருஷம் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்தது. அப்போதும் மேடம்தான் கடிதம் எழுதினார். அவர் ரிட்டையர் ஆகும்வரை அந்த விஷயத்தை மறுபடி பேசவில்லை. மாற்றம் ஒன்றே ஒன்று. அதன்பின் தவறாக எது நடந்தாலும், குழாய் உடைந்தாலும், சாம்பிள் பெயர் மாறினாலும், எட்டரைக்கு அவர் கடிகாரத்தைக் கழற்றும்போதே நான் சொல்லிவிடுவேன். கேட்டுக்கொண்டு, "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்பார். எனக்குத் தெரிந்து அந்த லேப்பின் நல்ல காலம் அதுதான். மத்தியானம் மூன்று பேரும் டப்பாவைத் திறந்து பகிர்ந்து சாப்பிடுவோம். மாணிக்கம் அண்ணன் பூந்தமல்லி பிரியாணி கொண்டுவந்தால் மேடம் எலும்பு வரை விட மாட்டார். மழைநாளில் தட்டு காயாது, மூவரும் ஆளுக்கொரு மூடியை வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் நாங்கள் அப்படி விசிறிக்கொண்டிருந்தபோது மருத்துவமனை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அன்று மேடம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏழெட்டு வருஷம் கழித்து, மேடம் ரிட்டையர் ஆகிப் போனபின், ஒரு காலையில் ஜன்னலில் ஒரு பெண் நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. பக்கத்தில் ஒரு பையன், கையில் பஞ்சு ஒட்டியிருந்தது, அப்போதுதான் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அட்டையை நீட்டினாள். மூன்று நாள் காய்ச்சல், ரத்தக் கல்ச்சர்.

"அவர் எப்படிம்மா இருக்கார்?"

"நல்லா இருக்காங்க. கடை பெருசாயிடுச்சு. இவன் அப்போ ஒரு வயசு."

"பூந்தமல்லியிலேயே இப்ப நாலஞ்சு லேப் வந்துடுச்சே நஸ்ரின். இவ்வளவு தூரம் எதுக்கு அலையணும்?"

"நீங்க இருக்கீங்களான்னு கேட்டுட்டுத்தான் அக்கா ரத்தமே எடுக்கச் சொன்னேன்."

நான் அட்டையில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள். "மத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க தப்புப் பண்ணா வந்து சொல்லுவீங்க."

பாட்டிலைப் பெட்டியில் வைத்தேன். ஏழு நாள் காலையும் மாலையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீராகவே இருந்தது, ஒன்றும் வளரவில்லை. பையனுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். ஆனாலும் நஸ்ரின் ஏழாம் நாள் வரை தினமும் பஸ் ஏறி வந்து, ஜன்னலில் நின்று, என் வாயால் கேட்டுவிட்டுத்தான் போனாள்.